கைப்பேசி திடீரென அணைவது ஏன்?

கோவில்பட்டி, கயத்தாறு, எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர் வட்டாரங்களில் பரந்து கிடக்கும் கரிசல் நிலம் வானம் பார்த்த பூமி. புரட்டாசிக் கடைசியிலும் ஐப்பசியிலும் விழும் மழையை நம்பியே உளுந்தும் பாசியும், சோளமும் கம்பும், மக்காச்சோளமும் பருத்தியும் இங்கு விதைக்கப்படுகின்றன. மழை எப்பொழுது வரும், சந்தையில் என்ன விலை, இடி மின்னல் எந்தப் பக்கம் என்னும் செய்திகளெல்லாம் இப்பொழுது விவசாயியின் சட்டைப்பையிலுள்ள கைப்பேசியின் வழியாகவே வந்து சேர்கின்றன. தமிழ்நாடு அரசு 2018ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘உழவன்’ செயலியும், புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தார் உருவாக்கிய ‘தாமினி’ என்னும் மின்னல் எச்சரிக்கைச் செயலியும் இதற்கு உதாரணங்கள். பாம்பு கடித்தவருக்கு 108 ஆம்புலன்ஸை அழைப்பதும் இக்கருவியைக் கொண்டுதான்.

பஞ்சாயத்து அலுவல்களிலும் இதன் பங்கு சிறிதன்று. மகாத்மா காந்தி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டப் பணிகளில், தொழிலாளரின் வருகையை நாளொன்றுக்கு இரு முறை படத்துடன் கைப்பேசிச் செயலியில் பதிவு செய்தல் வேண்டும் என 2023 ஜனவரி முதல் மத்திய அரசு விதித்தது. கண்மாய்க் கரையில் படம் எடுக்கவேண்டிய வேளையில் பணித்தளப் பொறுப்பாளரின் கைப்பேசி அணைந்து கிடந்தால், காலை முதல் மண் சுமந்தவர்களின் அன்றைய கூலியே கேள்விக்குரியதாகிவிடும். ஆகவே, ‘பாதியிலே நின்றுபோகும் செல்போன்’ என்பது ஒருவருடைய சொந்தத் தொல்லை மட்டுமன்று என்பதைப் பஞ்சாயத்து உறுப்பினர்கள் மனத்திற் கொள்ளுதல் நலம்.

இவ்வாறு அணையும் கருவியை எடுத்துக்கொண்டு, ஒரு நாள் வேலையையும் விட்டு, பஸ் ஏறி நகரத்துக் கடைக்குச் செல்வதே வழக்கமாக உள்ளது. கடைக்காரர் முன்னே அது அணைவதில்லை. அவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “உள்ளே போர்டு போயிருக்கும், புதிது வாங்குவது மேல்” என்று கூறிவிடுகிறார். கடன் வாங்கியேனும் புதுக் கருவி வாங்கப்படுகிறது. இதிற் பெரும் பகுதி தவிர்க்கக்கூடிய செலவு என்பதே நமது கருத்து. கருவி எப்பொழுது, எங்கே, எந்நிலையில் அணைகிறது என்பதை உடையவரே கவனித்துக் கூறுவாராயின், பழுது பார்ப்பவரின் வேலையிற் பாதி முடிந்துவிடும். அந்தக் கவனிப்பு எத்தகையதாக இருத்தல் வேண்டும் என்பதை இங்கே ஆராய்வோம்.

ஊற்றுக் குறைந்த கிணறு

பலருக்கும் வியப்பளிப்பது யாதெனில், திரையில் 30 அல்லது 40 சதவீதம் இருப்பதாகக் காட்டிக்கொண்டிருக்கும்போதே கைப்பேசி அணைந்துவிடுவதுதான். சிறிது நேரம் சும்மா வைத்திருந்து மீண்டும் பொத்தானை அழுத்தினால் உயிர் பெறுகிறது. அதே 30 சதவீதத்தையும் காட்டுகிறது. ‘சார்ஜ் இருக்கிறதே, பாட்டரி நன்றாகத்தானே உள்ளது?’ என்று உடையவர் எண்ணுகிறார். உண்மையில் பாட்டரி முதுமை அடைந்ததற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேறில்லை.

இதை விளக்கக் கிணற்றுப் பாசனத்தைவிடச் சிறந்த உவமை நமக்குக் கிடைப்பதற்கில்லை. பழைய கிணறு ஒன்றின் ஊற்றுக்கண்கள் தூர்ந்துபோய்விட்டன எனக் கொள்வோம். நிலத்தடியில் நீர் இல்லாமலில்லை. ஆனால் அது கிணற்றுக்குள் மெதுவாகவே கசிகிறது. வாளியால் இறைத்தால் நாள் முழுவதும் இறைக்கலாம். பெரிய மோட்டாரைப் போட்டால், சிறிது நேரத்தில் நீர்மட்டம் புட்வால்வுக்குக் கீழே போய், மோட்டார் காற்றை இழுக்கிறது. மோட்டாரை நிறுத்திவிட்டு ஒரு நாழிகை பொறுத்தால் நீர் மறுபடியும் ஏறி நிற்கிறது. கிணற்றை எட்டிப் பார்ப்பவர், ‘தண்ணீர் கிடக்கிறதே’ என்கிறார்.

கைப்பேசியிலுள்ள லித்தியம் அயான் பாட்டரியும் இவ்வாறே. 1991ஆம் ஆண்டு முதன்முதலில் விற்பனைக்கு வந்த இப்பாட்டரியை உருவாக்கியதற்காகக் குட்இனஃப், விட்டிங்காம், யோஷினோ ஆகிய மூவருக்கு 2019இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. முழுதும் மின்னேற்றப்பட்ட நிலையில் இதன் அழுத்தம் ஏறக்குறைய 4.2 வோல்ட், வெறுமையாகும்போது 3 வோல்ட்டை நெருங்குகிறது. அழுத்தம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால், தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டுக் கைப்பேசி தானே அணைந்துவிடும்படி அமைக்கப்பட்டுள்ளது. பாட்டரி பழையதாக ஆக, அதனுள்ளே மின்னோட்டத்துக்குத் தடை பெருகுகிறது. ஊற்றுக்கண் தூர்வது இதுவே. கருவி சும்மா இருக்கும்போது அழுத்தம் சரியாகவே காணப்படும். திடீரெனப் பெரிய மின்னோட்டம் தேவைப்படும் கணத்தில் அழுத்தம் சரிந்து, எல்லைக்குக் கீழே போய்விடுகிறது. கைப்பேசி அணைகிறது. தேவை நீங்கியதும் அழுத்தம் மீண்டும் ஏறிவிடுகிறது.

பெரிய மின்னோட்டம் எப்பொழுது தேவைப்படுகிறது? காமிரா திறக்கும்போதும், அதன் விளக்கு பளிச்சிடும்போதும், திரை முழு ஒளியில் இருக்கும்போதும், காணொளி அழைப்பின்போதும். இவற்றினும் முக்கியமான ஒன்று உண்டு. கைப்பேசிக் கோபுரம் தொலைவில் இருக்குமாயின், அதை எட்டுவதற்காகக் கருவி தன் அலைகளை அதிக சக்தியுடன் அனுப்பவேண்டியிருக்கிறது. பக்கத்தில் கோபுரம் உள்ள ஊரில் மிகச் சொற்பமான சக்தியே போதும். பழைய இரண்டாம் தலைமுறைத் தொடர்பிலோ, கோபுரம் எட்டாத இடத்தில் இச்சக்தி 2 வாட் வரை துடிப்புத் துடிப்பாக உயரும். ஊர் மந்தையிலும் நகரத்துக் கடையிலும் ஒழுங்காகப் பேசும் கருவி, காட்டு வேலைக்குப் போன இடத்தில், ஓடைப் பள்ளத்தில், கண்மாயின் உள்வாயில் அணைந்துபோவதற்கு இதுவே காரணம். கடைக்காரர் முன்னே அது நல்ல பிள்ளையாக இருப்பதிலும் வியப்பில்லை. அங்கே கோபுரம் தலைக்கு மேலேயே நிற்கிறது.

இது ஏழைகளின் மலிவுக் கருவிக்கு மட்டும் நேரும் குறை என்று எவரும் எண்ணவேண்டியதில்லை. உலகிலேயே விலை மிகுந்த கருவிகளுள் ஒன்றான ஐபோன் 6எஸ் கைப்பேசிகளிற் சில இவ்வாறு திடீரென அணைந்தமையால், 2016 நவம்பரில் ஆப்பிள் நிறுவனம் அவற்றின் பாட்டரியை இலவசமாக மாற்றித் தர முன்வந்தது. பின்னர், பழைய பாட்டரி உள்ள கருவிகள் அணையாமலிருக்கும் பொருட்டு அவற்றின் வேகத்தை மென்பொருள் வழியாகக் குறைத்திருந்தது என்பது 2017 டிசம்பரில் வெளிப்பட்டது. அந்நிறுவனம் வாடிக்கையாளரிடம் வருத்தம் தெரிவித்து, பாட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. புதுப் பாட்டரி போட்டவுடன் பழைய வேகம் திரும்பிற்று. நம் ஊர்க் கருவிகளுக்கும் பொருந்தும் செய்தி இது.

ஒரு வாரக் குறிப்பு

கோவில்பட்டியில் 1901ஆம் ஆண்டில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. கரிசல் நிலத்து விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக அறிந்த இடம் அது. ஒரு நாள் மழையை அளந்துவிட்டு எவரும் விதைப்புக் காலத்தை முடிவு செய்வதில்லை அல்லவா? கைப்பேசி விஷயத்திலும் ஒரு முறை அணைந்ததைக் கொண்டு முடிவு கட்டலாகாது. பள்ளிப் பிள்ளைகளின் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்றில், ஒவ்வொரு முறை அணையும்போதும் மணி, இடம், காட்டிய சதவீதம், அப்பொழுது செய்துகொண்டிருந்த வேலை, கருவி சூடாக இருந்ததா என்பவற்றை எழுதி வருதல் வேண்டும். ஒரு வாரத்தில் காரணம் பெரும்பாலும் தானே புலப்பட்டுவிடும்.

தினந்தோறும் ஒரே மணிக்கு அணைகிறதெனில், அது பழுதே அன்று. குறித்த நேரத்தில் தானே அணைந்து தானே எழும் ஏற்பாடு சில கைப்பேசிகளின் அமைப்புகளில் உண்டு. வீட்டுச் சிறுவர் விளையாட்டாக அதை இயக்கிவிட்டிருக்கலாம். இதற்காகப் பணம் செலவழித்தவர்களும் இருப்பார்கள் என்றே தோன்றுகிறது.

மின்னேற்றக் கம்பி செருகியிருக்கும்போதும் அணைகிறதா என்று பார்ப்பது இரண்டாவது சோதனை. கம்பி செருகிய நிலையில் ஒழுங்காக வேலை செய்து, கழற்றியதும் அணையுமாயின் குற்றம் பாட்டரியினுடையது. கம்பி இருந்தும் அணையுமாயின் பாட்டரியை மட்டும் குறை கூற இயலாது. சூடோ, பொத்தானோ, செயலியோ, உள்ளே நீர் பட்ட பலகையோ காரணமாகலாம்.

மேலுறையைக் கழற்றிவிட்டு ஒரு நாள் உபயோகித்துப் பார்ப்பதும் பயன் தரும். இறுக்கமான உறை பக்கத்துப் பொத்தானை ஓயாமல் அழுத்திக்கொண்டிருந்தால் கருவி அணைவதும் எழுவதுமாகவே இருக்கும். தட்டினால் அல்லது கீழே வைக்கும்போது அணைகிறதெனில், தொடுமுனைத் தளர்ச்சி எனக் கொள்ளலாம். கழற்றக்கூடிய பாட்டரி உள்ள சிறு கைப்பேசிகளில் இது சாதாரணம். பாட்டரியை எடுத்து, பித்தளை நிறத் தொடுமுனைகளை உலர்ந்த சுத்தமான துணியால் துடைத்து, மீண்டும் இறுகப் பொருத்தினால் பல சமயங்களில் சரியாகிவிடும். அதன் பின்னும் அசைந்தால், மறுபுறத்தில் காகிதம் ஒன்றை மடித்து வைப்பது நம் மக்கள் கண்ட கைவைத்தியம், அதிற் பிழையில்லை.

குறிப்பிட்ட ஒரு செயலியைத் திறந்தால் மட்டும் அணைவதும் உண்டு. ஆண்ட்ராய்டு கருவிகளில் ‘பாதுகாப்பு முறை’ என்ற ஏற்பாடு இருக்கிறது. அம்முறையில் இயக்கினால், வாங்கிய பின் நாம் சேர்த்த செயலிகள் எவையும் இயங்கா. அந்நிலையில் ஒரு நாள் முழுவதும் அணையாமல் இருந்தால், குற்றம் சேர்த்த செயலிகளுள் ஒன்றில் இருக்கிறது. கடைசியாகச் சேர்த்ததிலிருந்து ஒவ்வொன்றாக நீக்கிப் பார்க்கலாம். படங்களும் காணொளிகளும் நிறைந்து சேமிப்பிடமே இல்லாமற் போன கருவியும் தடுமாறும். காலை வணக்கப் படங்களை அழித்தாலே சிலருடைய கைப்பேசி பிழைத்துக்கொள்ளும்.

சதவீதக் கணக்கு தாறுமாறாக இருக்கிறதெனில், ஒரு முறை முழுதும் தீரும்வரை உபயோகித்து, பின்பு இடைவிடாமல் 100 வரை ஏற்றுதல் வேண்டும். இதனால் பாட்டரி இளமை பெறாது. அளவு காட்டும் கணக்கு மட்டுமே திருந்தும். அதன் பிறகும் 30இலும் 40இலும் அணைந்தால், பாட்டரியை மாற்றவேண்டிய காலம் வந்துவிட்டது. பொதுவாக, சுமார் 500 முழு மின்னேற்றங்களுக்குப் பின் இத்தகைய பாட்டரியின் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. நாள்தோறும் ஏற்றுபவருக்கு இது ஏறக்குறைய ஒன்றரை அல்லது இரண்டு ஆண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்கப்படும் புதுக் கைப்பேசிகளின் பாட்டரி 800 மின்னேற்றங்களுக்குப் பின்னும் 80 சதவீதக் கொள்ளளவு உடையதாயிருத்தல் வேண்டுமெனச் சட்டம் செய்திருக்கின்றனர். பாட்டரியின் ஆயுள் வாங்குபவரின் உரிமையைச் சார்ந்த விஷயமாக மதிக்கப்படத் தொடங்கியிருப்பது இதனால் விளங்கும்.

வெயிலும் கரிசல் தூசியும்

குளிர் நாடுகளில் பனியினால் கைப்பேசி அணைகிறது. நமது தொல்லை அதற்கு நேர்மாறானது. கைப்பேசிகள் பெரும்பாலும் 35 டிகிரி செல்சியஸ் வரையிலுள்ள சூழலுக்கென்றே அமைக்கப்படுகின்றன. சித்திரை, வைகாசியில் நிழலிலேயே அதைத் தாண்டிவிடும் இப்பகுதியில், வெயிலில் கருங்கல்லின் மீதோ டிராக்டரின் முகப்பிலோ வைத்த கருவியின் சூடு எவ்வளவு ஏறும் என்று சொல்லவேண்டியதில்லை. உடனடி விளைவு, காப்பு ஏற்பாட்டின்படி கருவி அணைவது. அதைவிடக் கெடுதியானது, ஒவ்வொரு முறை சூடேறும்போதும் பாட்டரி நிரந்தரமாகவே சிறிது முதுமை அடைவது. பிற இடத்தில் மூன்று ஆண்டு உழைக்கும் பாட்டரி கரிசல் காட்டில் முன்னதாகவே தளர்வதற்கு உஷ்ணமும் தொலைதூரக் கோபுரமும் சேர்ந்து காரணமாகின்றன.

ஆகவே பணித்தளத்தில் கைப்பேசியை நிழலில், காற்றுப் படும்படி வைத்தல் வேண்டும். சூடேறிய கருவியை ஈரத்துணியில் சுற்றுவதும் குளிர்ப்பெட்டியில் வைப்பதும் தவறு. உள்ளே நீர் கோத்துவிடும். உறையைக் கழற்றி நிழலில் வைத்தாலே போதும். தொடர்பு குன்றிய இடத்தில், தேவையில்லாத நேரங்களில் விமானப் பயண முறையில் வைத்து, படம் எடுக்கும் வேளையிலும் பதிவை அனுப்பும் வேளையிலும் மட்டும் தொடர்பைத் திறக்கலாம். பதிவுகளைச் சற்று மேடான இடத்திலிருந்து அனுப்புவது நல்லது. திரையின் ஒளியைக் குறைத்து, காமிரா விளக்கை நிறுத்திவிடுதல் வேண்டும். தளர்ந்த பாட்டரியைக் கொண்டும் அன்றைய பதிவை முடித்துவிட இவை உதவும். இருப்பினும், நூறு பேரின் கூலி ஒரே கருவியைச் சார்ந்து நிற்பது விவேகமன்று. தளத்தில் மின்சேமிப்புப் பெட்டி ஒன்று உடனிருக்கும்படி பஞ்சாயத்து கவனித்துக்கொள்ளுதல் நலம். அவசர அழைப்புக்கென்று, எழுத்துப் பொத்தான் உள்ள சாதாரணக் கைப்பேசி ஒன்றும் இருக்கலாம். அச்சிறு கருவிகளை இக்காலத்தில் இளைஞர் ஏளனம் செய்கின்றனர். நாட்கணக்கில் உழைப்பதும், பாட்டரியை நொடியில் மாற்ற இடம் தருவதும் அவையே.

கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசலிலிருந்து எழும் நுண்ணிய தூசி, மின்னேற்றத் துளைக்குள் அடைந்துகொள்கிறது. இரவெல்லாம் கம்பி செருகியிருந்தும் காலையில் பாதியே ஏறியிருந்தால் முதலில் பார்க்கவேண்டியது இத்துளையை. கருவியை அணைத்துவிட்டு, உலர்ந்த ஈர்க்குச்சியால் மெதுவாகத் தூசியை எடுக்கலாம். ஊசியும் ஹேர்ப்பின்னும் ஆகா. மழைக்காலத்தில் நனைந்த கைப்பேசியை அரிசிப் பானையில் புதைக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. அரிசி ஈரத்தை அவ்வளவாக இழுப்பதில்லை. அதன் மாவும் தூசியும் துளைக்குள் புகுவதே மிச்சம். உடனே அணைத்து, சிம் அட்டையை எடுத்து, துளை கீழ்நோக்கி இருக்கும்படி காற்றோட்டத்தில் ஓரிரு நாள் உலர்த்தி, அதன் பின்னரே மின்னேற்றம் செய்யவேண்டும். இடி மின்னல் வேளையில் சார்ஜரை மின்சாரச் செருகியிலிருந்து எடுத்துவிடுவது அவசியம். கைப்பேசி மின்னலை இழுப்பதில்லை. மின்கம்பி வழியே வரும் அதிர்ச்சிதான் கருவியையும், அதைப் பிடித்துக்கொண்டிருப்பவரையும் தாக்குகிறது.

பாட்டரி மாற்றும்போது

பாட்டரியை மாற்றுவதற்குப் புதுக் கைப்பேசியின் விலையில் ஒரு சிறு பங்கே ஆகும். ஆனால் மலிவைக் கருதி எதையேனும் வாங்கிப் போடுதல் ஆபத்து. பாட்டரிக்கும் சார்ஜருக்கும் நம் நாட்டில் இந்தியத் தர நிர்ணய நிறுவனத்தின் பதிவு கட்டாயம். அந்நிறுவனத்தின் குறியும் ‘ஆர்’ என்னும் எழுத்தில் தொடங்கும் பதிவு எண்ணும் பொருளின் மேல் அச்சிடப்பட்டிருக்கவேண்டும். அவ்வெண் மெய்யானதா என்பதை ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் எவரும் சரிபார்க்கலாம். பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒருவர் இதைப் பழகிக்கொண்டால் ஊருக்கே உதவும்.

பெரிய நிறுவனத்தின் பாட்டரியிலும் குறை நேர்ந்ததுண்டு. 2007 ஆகஸ்டில், மின்னேற்றத்தின்போது அளவுக்கு மீறிச் சூடேறக்கூடும் என்று, பிஎல்-5சி வகைப் பாட்டரிகளிற் சுமார் 4 கோடியே 60 லட்சத்தைப் பற்றி நோக்கியா நிறுவனம் எச்சரித்து, வேண்டியவர்களுக்கு மாற்றித் தந்தது. அப்பொழுது நம் நாட்டிலும் திரளான மக்கள் பாட்டரியைக் கழற்றி எண்ணைப் பார்த்தனர். எண்ணைப் பார்க்கும் அந்தப் பழக்கம் மறைந்துவிட்டது வருந்தத்தக்கது.

பழுதுக் கடையில் கொடுப்பதற்கு முன், முக்கியமான தொலைபேசி எண்களைத் தாளில் எழுதிக்கொண்டு, படங்களைப் பிரதி எடுத்து, சிம் அட்டையையும் நினைவு அட்டையையும் கழற்றிவிடவேண்டும். சிம் அட்டையோடு கொடுப்பது வங்கிக் கணக்கின் சாவியைக் கொடுப்பது போன்றது. ஒருமுறைக் கடவுச்சொற்கள் அதற்குத்தான் வருகின்றன. *#06# என்று அழுத்தினால் தோன்றும் அடையாள எண்ணை ரசீதில் எழுதி வாங்குவதும், பழைய பாட்டரியைக் காட்டச் சொல்வதும் தவறில்லை. ஒரு வாரக் குறிப்பைக் கடைக்காரரிடம் படித்துக் காட்டுதல் வேண்டும். உத்தரவாதக் காலத்திலுள்ள கருவியை மாற்றவோ சீர்செய்யவோ விற்றவர் மறுப்பாராயின், 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைத்து முறையிடலாம்.

பாட்டரி உப்பி, கைப்பேசியின் முதுகோ திரையோ எழும்பியிருக்கக் கண்டால் எந்தச் சோதனையும் வேண்டாம். மின்னேற்றத்தை அக்கணமே நிறுத்தி, அழுத்தாமலும் குத்தாமலும், எரியும் பொருள் அண்டாத இடத்தில் மணலின் மீது வைத்து, கைதேர்ந்தவரிடம் ஒப்படைக்கவேண்டும். தீப்பெட்டித் தொழில் வீடுதோறும் நடந்த பகுதி இது. மருந்துக் குச்சியோ வெற்றுப் பெட்டியோ கிடக்கும் அறையில் கைப்பேசியை ஏற்றிவிட்டு உறங்குவது எவ்வகையிலும் தகாது.

கழித்த பாட்டரிகளைக் குப்பைக் குழியிலோ கிணற்றிலோ எறிவதும், எருக்குழியோடு சேர்த்துக் கொளுத்துவதும் இன்னும் நடைபெறுகின்றன. பாட்டரிக் கழிவுகளைத் திரும்பப் பெற்று முறைப்படி மறுசுழற்சி செய்வது உற்பத்தியாளரின் பொறுப்பு என 2022ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. ஊர்தோறும் சேரும் சில பாட்டரிகளுக்காக எவரும் தேடி வரமாட்டார்கள். பஞ்சாயத்து அலுவலகத்தில் உலர்ந்த மணல் பரப்பிய மண்சட்டி ஒன்றை வைத்து, தொடுமுனைகளின் மேல் ஒட்டுநாடா ஒட்டிச் சேர்த்து வந்து, சட்டி நிறைந்ததும் நகரத்துக்குச் செல்லும் ஊழியர் மூலம் நிறுவனத்தின் சேவை நிலையத்தில் ஒப்படைக்கலாம். உப்பிய பாட்டரியை இச்சட்டியில் மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே வைக்கவேண்டும்.